மலையேரிகளும் படப்பெட்டியும்



நான் வாழும் எளாவூர் ஒரு சமவெளி ஊர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைத் தவிர, அண்ணாந்து பார்க்கத்தக்க உயரம் எங்கள் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரி. அதுவும் கடலோடு கடலாக மட்டமாய்க் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வானளாவிய மலைகளின் மேலுள்ள ஏரிகளைப் பற்றியும் அவற்றைப் படம் பிடித்தோரைப் பற்றியும் பேச இவருக்கு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அது நீங்கள் நினைப்பதைவிட நெருங்கியது. பேச்சின் போக்கில் அது தானே விளங்கும்.

முதற்கண், மலையேரி என்பது யாது? ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கரையும், மதகும், கலங்கலும், அதன்கீழ்ப் பாயும் வயலும் நினைவுக்கு வரும். நம் நாட்டு ஏரி மனிதன் கட்டியது. மலைமேல் இயல்பாய் ஊறி நிற்கும் சிறு நீர்நிலையை நம் முன்னோர் சுனை என்று வேறு சொல்லால் வழங்கினர். ஆனால் இமயமலையின் உச்சிப் பகுதிகளில், சுனை என்று சொல்லிவிட முடியாத அளவுக்குப் பெரிய நீர்நிலைகள் உள்ளன. லடாக்கிலுள்ள பாங்காங் ஏரி ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீளம் உடையது. பாதிக்கு மேற்பட்ட பகுதி திபெத்தில் இருக்கிறது. உவர்நீரே ஆயினும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் சந்திரதால் என்ற ஏரி இருக்கிறது. பிறைநிலவு போன்ற வடிவத்தால் அப்பெயர் பெற்றது. சிக்கிமின் குருதோங்மார் ஏரி 5,000 மீட்டரையும் தாண்டிய உயரத்தில் உள்ளது.

இவை எவ்வாறு தோன்றின? மலையுச்சியில் ஆண்டுக்கணக்கில் குவிந்து இறுகிய பனி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே நகரும். இதைப் பனியாறு என்கிறோம். அது நகரும்போது தச்சனின் இழைப்புளி போல மலையைச் செதுக்கிச் செல்கிறது. செதுக்கிய கிண்ணத்தில் பின்னர் நீர் தேங்கும். இது முதல் வகை. பனியாறு தான் உடைத்த கல்லையும் மண்ணையும் முன்னாலும் பக்கங்களிலும் தள்ளிக் குவித்து வைக்கும். வெப்பம் மிகுந்து பனியாறு பின்வாங்கினால், அந்தக் குவியல் ஒரு கரையாக நிற்க, உருகிய நீர் அதன் பின்னே ஏரியாகும். இது இரண்டாம் வகை. மலைச்சரிவு ஆற்றை மறிப்பதால் உண்டாவது மூன்றாம் வகை. இவற்றுள் இரண்டாம் வகையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கரை எவரும் கட்டாத கரை. அதற்கு மதகு இல்லை, கலங்கல் இல்லை, மழைக்காலத்தில் இரவெல்லாம் விழித்துக் காவல் காக்க ஊராரும் இல்லை.

நம் தமிழ்நாட்டு மலைகளில் புகழ்பெற்றிருக்கும் ஏரிகள் இத்தகையன அல்ல. அவை மனிதன் அமைத்தவை. உதகமண்டலத்து ஏரி 1823-ஆம் ஆண்டு ஜான் சல்லிவன் என்ற கலெக்டரால் தொடங்கப்பட்டது. கொடைக்கானல் ஏரி 1863-ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் உண்டாயிற்று.

அந்த 1863-ஆம் ஆண்டிலேதான் நம் வரலாற்றின் நாயகரும் இந்தியாவிற்கு வந்தார். அவர் பெயர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் வங்கி எழுத்தராக இருந்தவர். படம் பிடிப்பதில் கொண்ட வேட்கையால் வேலையை விட்டுக் கப்பலேறினார். நம் நாட்டில் அவருக்கு முன்பே இக்கலை வேரூன்றியிருந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் 1858-இல் திருவரங்கம், தஞ்சை, மதுரை ஆகிய ஊர்களைச் சென்னை அரசாங்கத்தின் பொருட்டுப் படம் பிடித்திருந்தார். மதுரைக்கருகில் உள்ள யானைமலையும் அவருடைய படங்களில் உண்டு. ஆனால் பனிமலை ஏறுவது வேறு. வண்டிப்பாதையில் சென்று கோயிலைப் படம் பிடிப்பது வேறு.

அந்த வேற்றுமையை உணர வேண்டுமாயின், அக்காலத்து முறையைச் சற்று விளக்க வேண்டும். இன்று நீங்கள் கைப்பேசியைத் தூக்கி, விரலால் தொட்டு, கணப்பொழுதில் படம் எடுக்கிறீர்கள். 1851-இல் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட முறையோ ஈரத்தகட்டு முறை. வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் தேன் போன்ற ஒரு பசை கிடைக்கும். அதற்குக் கொலோடியான் என்று பெயர். அதை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அத்தகட்டைத் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் அதைப் படப்பெட்டியில் செருகி, ஒளியைக் காட்டி, மீண்டும் இருட்டறைக்கு ஓடி, மருந்து நீர் ஊற்றி உருவை வெளிப்படுத்த வேண்டும். காய்ந்துவிட்டால் தகடு பாழ். ஆகவே மலையின்மேல் படம் எடுக்க விரும்புவோன் தன் இருட்டறையையும் மலையின்மேல் கொண்டுசெல்ல வேண்டும். கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர், பெரிய மரப்பெட்டியான காமிரா, அதைத் தாங்கும் முக்காலி ஆகிய அனைத்தும் ஆள் சுமந்து செல்ல வேண்டும்.

போர்ன் 1863-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் சிம்லாவிலிருந்து முதற்பயணம் புறப்பட்டார். சுமார் 30 சுமையாட்கள் உடன் சென்றனர். சட்லெஜ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே சினி என்ற ஊர்வரை சென்று, அக்டோபரில் 147 படத்தகடுகளோடு திரும்பினார். அடுத்த ஆண்டு காஷ்மீரில் ஏறத்தாழ ஒன்பது மாதம் சுற்றினார். 1866-இல் மேற்கொண்ட மூன்றாம் பயணமே மிகக் கடினமானது. குலு, லாஹூல் வழியாகச் சென்று, குன்சும் கணவாயைக் கடந்து ஸ்பிதியில் இறங்கினார். சந்திரதால் ஏரி அந்தக் கணவாயிலிருந்து மிகத் தொலைவில் இல்லை. அதன்பின் 18,600 அடி என்று அந்நாளில் கணக்கிடப்பட்ட மனிராங் கணவாயின்மேல் நின்று படம் எடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அதைவிட உயரத்தில் எடுக்கப்பட்ட படம் உலகில் எங்கும் இருந்ததில்லை. கையுறை அணிந்து கண்ணாடியில் பசை ஊற்ற முடியாது. வெறுங்கையோ குளிரில் விறைக்கும். இந்நிலையில் ஒரு தகட்டைப் பழுதின்றி முடிப்பது எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறைக்காது சொல்ல வேண்டும். அப்படங்களின் கீழே போர்னின் பெயர் இருக்கிறது; சுமந்தவர்களின் பெயர் இல்லை. சுமையைப் போட்டுவிட்டு ஆட்கள் ஓடியபோது, தடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனதாகப் போர்னே இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் குறித்திருக்கிறார். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். ஊருக்கு இத்தனை பேர் என்று பிடித்து அனுப்பப்பட்டவர்கள் பலர். அழகிய படம் ஒன்றைக் காணும்போது, அதை எடுத்த கண்ணை மட்டுமன்றி, அதை மேலே கொண்டுசென்ற முதுகையும் நினைத்துப் பார்ப்பதே முறையான கல்வி.

போர்ன் 1870-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவை விட்டுச் சென்றார். அவரும் ஷெப்பர்டு என்பவரும் சேர்ந்து நடத்திய நிலையம் கல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்து, 2016-இல் மூடப்பட்டது. அவர் சென்ற சில ஆண்டுகளில் உலர்தகடு வந்தது; 1888-இல் சுருள்பிலிம் பூட்டிய சிறு காமிரா வந்தது. இருட்டறையைத் தூக்கிக்கொண்டு மலையேறும் தொல்லை ஒழிந்தது. இத்தாலி நாட்டவரான விட்டோரியோ செல்லா 1899-ஆம் ஆண்டில் காஞ்சன்ஜங்கா மலையைச் சுற்றிவந்த குழுவோடு சென்று ஒப்பற்ற படங்களை எடுத்தார். சிக்கிமின் வடகோடியிலுள்ள லோனாக் பள்ளத்தாக்கின் வழியாகவே அக்குழு நேபாளத்துள் இறங்கிற்று. அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

இனி, மலையேரிப் படத்தில் அடங்கியுள்ள அறிவியலைக் காண்போம். நாட்காட்டிகளில் நீங்கள் காணும் மலையேரி பெரும்பாலும் கண்ணாடி போல் இருக்கும். மேலே ஒரு மலை, கீழே தலைகீழாக ஒரு மலை. இவ்வாறு அமைவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, காற்று அசையாதிருத்தல். வெயில் ஏறியபின் மலைச்சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும், நீர் சிலிர்த்துவிடும். அதனால்தான் படம் எடுப்போர் விடியலுக்கு முன்பே குளிரில் காத்து நிற்கின்றனர். மற்றொன்று, பார்க்கும் கோணம். நேர் மேலே இருந்து குனிந்து பார்த்தால், தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். எஞ்சியது உள்ளே இறங்கிவிடும். எனவே அடியிலுள்ள கற்கள் தெரியும். மிகத் தாழ்ந்து, நீரின் மட்டத்தோடு ஒட்டிப் பார்த்தால், ஏறக்குறைய முழு ஒளியும் திரும்பி வரும். ஏரி ஆடியாகும். கரையில் மண்டியிட்டுப் படம் எடுப்பவர் பக்தியால் மட்டும் மண்டியிடவில்லை!

நீரின் நிறம் பற்றியும் கேட்கலாம். தூய நீர் சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். ஆழமான நீர் நீலமாய்த் தோன்றுவது இதனால். பனியாற்றின் நீரிலோ, பாறையை அரைத்த மாவு போன்ற நுண்துகள் கலந்திருக்கும். அது கீழே படியாமல் மிதந்து, ஒளியைச் சிதறடித்து, மயிற்கழுத்துப் போன்ற பச்சைநீலத்தைத் தருகிறது. மேலும், 4,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்குதான். காற்றும் தூசியும் குறைந்திருப்பதால் வானம் கருநீலமாகவும், நிழல் மிக இருண்டும், வெயில்பட்ட பனி கண்ணைப் பறிப்பதாகவும் தோன்றும். பனியைச் சரியாகக் காட்டினால் நிழல் கரியாகிவிடும். நிழலைக் காட்டினால் பனி வெளுத்துவிடும். இரண்டையும் இணக்குவதே இக்கலையின் நுட்பம்.

உதகைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது ஒரு சிறுவன் என்னிடம் நல்லதொரு கேள்வி கேட்டான். “ஐயா, கரையில் நிற்கும் மரத்திற்கு மேலே பின்னாலுள்ள குன்று தெரிகிறது. தண்ணீரில் பார்த்தால் அந்தக் குன்று மரத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறதே, ஏன்?” என்றான். நீங்களும் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மேசையின்மேல் ஒரு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். அதன் அப்புறத்து விளிம்பில் ஒரு தீப்பெட்டியை நிறுத்துங்கள். அதற்குப் பின்னே சற்றுத் தள்ளி ஒரு புட்டியை வையுங்கள். நேரே பார்க்கும்போது தீப்பெட்டிக்கு மேல் புட்டியின் கழுத்து நன்கு தெரியும். கண்ணாடியில் பார்த்தால் அவ்வளவு தெரியாது. காரணம் இது: நீருக்கு மேல் உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, நீருக்குக் கீழே அவ்வளவு ஆழத்தில் இன்னொரு கண் இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுவே பிம்பமாகத் தோன்றுகிறது. கீழிருந்து பார்ப்பவனுக்கு அருகிலுள்ள பொருள் தொலைவிலுள்ள பொருளை அதிகம் மறைக்கும் அன்றோ?

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இக்காலத்திற்கு மிகவும் தேவையான அறிவு. இன்று கணிப்பொறியைக் கொண்டு இல்லாத ஏரியையும் உண்டாக்கிக் காட்டுகின்றனர். கரையருகே பாறையும் தொலைவில் மலையும் உள்ள ஒரு படத்தில், மேற்பாதியை அப்படியே கவிழ்த்து ஒட்டியதுபோல் கீழ்ப்பாதி இருந்தால் ஐயுறுங்கள். பிம்பம் மலையைவிட ஒளி மிகுந்து தோன்றினாலும் ஐயுறுங்கள். ஏனெனில் நீர் தான் பெற்றதற்கு மேல் ஒளியைத் தர இயலாது. மேற்பாதியை மங்கச் செய்யும் வடிகட்டிக் கண்ணாடி ஒன்றும் உண்டு. ஆகவே ஐயுற்றவுடன் முடிவு கட்டாமல் ஆராயுங்கள். படம் மெய்யா பொய்யா என்பது ஏன் முக்கியம்? படம் வெறும் அழகுக்கு மட்டும் உரியதாயின் முக்கியமில்லை. படம் சாட்சியாகும்போது மிக முக்கியம். அத்தகைய இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் நிகழ்ந்தது. அங்கே மலைகளுக்கிடையே, சாலையே எட்டாத இடத்தில், பெடர் என்ற ஏரி இருந்தது. அதன் ஓரத்தில் வெளிர்சிவப்பு நிற மணற்பரப்பு விரிந்து கிடந்தது. 1955-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மின்சாரத்திற்காக அணை கட்டி அவ்வேரியை மூழ்கடிக்க அரசு திட்டமிட்டது. லிதுவேனியாவிலிருந்து அகதியாகக் குடியேறிய ஒலெகாஸ் டிருச்சனாஸ் என்பவர், அணை கட்டிய அதே மின்சார நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். அவர் ஆண்டுதோறும் சுமை தூக்கி நடந்து சென்று அந்த ஏரியைப் படம் பிடித்தார். 1967 பிப்ரவரியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் அவருடைய வீடும், பல்லாண்டு சேர்த்த படங்களும் எரிந்து சாம்பலாயின. அவர் மனம் சோர்ந்து உட்காரவில்லை. ஏரி மூழ்குவதற்குள் மீண்டும் எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டுமென்று புறப்பட்டார். எடுத்தவற்றைத் திரையில் காட்டி மக்களிடம் முறையிட்டார். 1972 ஜனவரியில் கார்டன் ஆற்றைப் படம் பிடிக்கச் சென்றபோது வெள்ளத்தில் அகப்பட்டு உயிர் நீத்தார். அதே ஆண்டில் ஏரியும் அணைநீருள் மறைந்தது.

அவருடைய உழைப்பு வீண்தானா? அவரிடம் பயின்ற பீட்டர் டொம்பிராவ்ஸ்கிஸ் என்ற இளைஞர் குருவின் வழியே நடந்தார். அடுத்து பிராங்க்ளின் என்ற ஆற்றுக்கும் அணைத்திட்டம் வந்தபோது, மூடுபனி சூழ்ந்த அவ்வாற்றின் வளைவை அவர் எடுத்த படம் 1983-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்த இடத்தை வாழ்நாளில் மிதித்தறியாத மக்கள் அதற்காகப் பரிந்து பேசினர். அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அணை நின்றது. ஓர் ஏரியைக் காக்க இயலாத படங்கள், ஓர் ஆற்றைக் காக்கும் வழியைக் கற்பித்தன எனலாம்.

இரண்டாவது நிகழ்ச்சி நமக்கு நெருங்கியது. நேபாளத்தில் எவரெஸ்டு மலைக்குத் தெற்கே இம்ஜா என்ற பனியாறு இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு பிரிட்ஸ் முல்லர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் அதைப் படம் பிடித்தார். அதில் பனியின்மேல் சில குட்டைகள் மட்டுமே தெரிந்தன. 2007-இல் ஆல்டன் பையர்ஸ் என்ற ஆய்வாளர் முல்லர் நின்ற இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் மீண்டும் எடுத்தார். குட்டைகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி நின்றது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தபோது ஆயிரம் பக்க அறிக்கை சொல்லாததை அவை சொல்லின. 2016-ஆம் ஆண்டு நேபாள அரசு அங்கே வாய்க்கால் வெட்டி, நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் குறைத்தது.

நான் முன்பு சொன்ன இரண்டாம் வகை ஏரியை இப்போது நினைவுகூருங்கள். உலகம் வெப்பமடைய, பனியாறுகள் பின்வாங்க, கட்டாத கரைகளின் பின்னே இத்தகைய ஏரிகள் பெருகி வருகின்றன. சிக்கிமில், செல்லா குழுவினர் கடந்துசென்ற அதே லோனாக் பள்ளத்தாக்கில், சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் ஏரி அவ்வாறு வளர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் வானிலிருந்து எடுத்த படங்களில் சிறியதாய்த் தெரிந்த நீர்நிலை, ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே வந்தது. இஃது ஆபத்தானது என்று அறிஞர் எச்சரித்தனர். 2016-இல் குழாய்கள் வைத்து நீரைச் சிறிது வடித்தும் பார்த்தனர். 2023 செப்டம்பரில் கண்காணிப்புக் கருவிகள் வைக்கும் வேலை தொடங்கியது. முழு எச்சரிக்கை ஏற்பாடு அமைவதற்குள் காலம் முந்திக்கொண்டது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, ஏரியின் பக்கச் சரிவு இடிந்து நீருக்குள் விழுந்தது. எழுந்த பேரலை கரையை உடைத்தது. நள்ளிரவில் டீஸ்டா ஆற்றின் வழியே வந்த வெள்ளம், சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணையைத் துடைத்தெறிந்தது. பாலங்கள் போயின, பலர் உறக்கத்திலேயே உயிரிழந்தனர், பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாட் காலை அங்கே நடந்து சென்று படம் எடுக்க எவராலும் இயலாது. எடுத்தது எது தெரியுமா? நம் நாட்டு விண்வெளி நிறுவனத்தின் ரிசாட்-1ஏ என்ற செயற்கைக்கோளும், ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ என்ற செயற்கைக்கோளும். அவற்றின் படங்களைக்கொண்டு ஏரியின் பரப்பை அளந்தனர். செப்டம்பர் 17-ஆம் நாள் 162.7 ஹெக்டேர், செப்டம்பர் 28-ஆம் நாள் 167.4 ஹெக்டேர், அக்டோபர் 4-ஆம் நாள் காலையில் 60.3 ஹெக்டேர். நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு ஓரிரவில் வடிந்துபோயிற்று.

அந்த ரிசாட்-1ஏ 2022 பிப்ரவரி 14-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டா எங்கே இருக்கிறது? எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் தீவு அது. எளாவூரில் மொட்டைமாடியில் நின்றால் ராக்கெட் எழுவது கண்ணுக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து முழக்கமும் கேட்கும். கடல்மட்டத்து ஏரிக்கரையிலிருந்து புறப்பட்ட கண், இமயத்து ஏரியைப் பார்த்து வந்து சாட்சி சொன்னது. நான் தொடக்கத்தில் குறித்த தொடர்பு இதுவே.

அது எவ்வாறு மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்த்தது? அஃது ஒளிக்காகக் காத்திருக்கும் காமிரா அன்று, ரேடார். தானே நுண்ணலைகளைப் பக்கவாட்டில் கீழே அனுப்பி, திரும்பி வருவதைக்கொண்டு படம் அமைக்கிறது. பாறையும் மண்ணும் சொரசொரப்பானவை. அலையை நாலாபக்கமும் சிதறடிப்பதால் ஒரு பகுதி செயற்கைக்கோளுக்குத் திரும்பும். அமைதியான நீரோ ஆடியைப் போல அலையை எதிர்ப்புறம் திருப்பி அனுப்பிவிடும். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் வராது. ஆகவே படத்தில் ஏரி கருந்திட்டாகத் தோன்றும். விடியற்காலையில் கரையில் மண்டியிடும் கலைஞனுக்கு மலையைத் தலைகீழாகக் காட்டும் அதே இயல்புதான், விஞ்ஞானிக்கு ஏரியின் எல்லையையும் காட்டுகிறது.

படம் எச்சரிக்கும், கரையைக் கட்டாது. அதை மனிதன்தான் செய்ய வேண்டும். லோனாக் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. படத்தைப் பார்த்து அறிந்தவர்கள் இருந்தார்கள். அறிந்தது ஆற்றங்கரையில் உறங்கியவனின் காதுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. உங்களில் சிலர் நாளை பொறியாளராகவும், ஆட்சியாளராகவும், செய்தியாளராகவும் ஆகப் போகிறீர்கள். அறிவுக்கும் காதுக்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவைக் குறைப்பது உங்கள் கடமை.

மலையேரிக்கு நேரில் சென்று படம் எடுக்கும் வாய்ப்பு உங்களில் சிலருக்குக் கிட்டலாம். அவர்களுக்கு ஒரு சொல். 2009-இல் வெளிவந்த ‘3 இடியட்ஸ்’ என்ற இந்தித் திரைப்படத்தின் முடிவில் பாங்காங் ஏரி காட்டப்பட்டது; அதன்பின் அங்கே கூட்டம் பெருகியது. படம் ஓர் இடத்தைக் காக்கவும் செய்யும், அதற்குச் சுமையாகவும் ஆகும். சந்திரதால் 2005 முதல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படும் நீர்நிலை. அதன் கரையோரத்தில் கூடாரம் அடிக்கலாகாது. மலைமக்கள் பல ஏரிகளைத் தெய்வமாகப் போற்றுகின்றனர். அங்கே காலணியோடு நீரில் இறங்கலாகாது. குப்பையை விட்டு வரலாகாது. குளிர்ந்த மலையில் எறிந்த பொருள் எளிதில் மட்காது. உங்கள் சுமையை வேறொருவர் தூக்கினால், அவர் பெயரைக் கேட்டுப் படத்தின் கீழ் எழுதுங்கள்.

செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நான் அந்த ஏரிகளை நேரில் கண்டவன் அல்லன். படங்களின் வாயிலாகவே கற்றவன். உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ, குளமோ, கழிமுகமோ இருக்கும். அதன் கரையில் அசையாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மதகின் கல்லோ, கோயில் படியோ, பாலத்தின் தூணோ போதும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், அதே இடத்தில் நின்று, அதே திசையை நோக்கி, அதே கைப்பேசியால் ஒரு படம் எடுங்கள். நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வடிகட்டியோ நிறமேற்றமோ வேண்டா. பள்ளியை விட்டுப் போகும்போது அந்தக் குறிப்பேட்டை உங்களுக்குப் பின்வரும் மாணவனிடம் கொடுங்கள். முல்லரின் படம் 51 ஆண்டுகள் கழித்தே முழுப்பொருள் பெற்றது. உங்கள் ஊர் நீர்நிலை சுருங்குகிறதா, பெருகுகிறதா, ஆக்கிரமிக்கப்படுகிறதா, ஆலைக்கழிவால் நிறம் மாறுகிறதா என்று என்றோ ஒருநாள் ஒரு கேள்வி எழும். அன்று, நாளும் இடமும் குறித்த உங்கள் எளிய படங்களே அதற்கு நம்பத்தக்க விடையாக நிற்கும்.